மலையேறும்போது திணறும் அம்பாசிடர்: கோளாறு கார்புரேட்டரிலா, கரன்ட்டிலா?

போளூரில் காலை டிபனை முடித்துவிட்டுக் கிளம்பிய ஒரு பழைய அம்பாசிடர், ஜவ்வாது மலைப்பாதையில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஓட்டிய வண்டி. இப்போது மகன் ஓட்டுகிறார். சமவெளியில் சமர்த்தாக வந்த இன்ஜின், நாலைந்து வளைவு தாண்டியதும் லேசாகக் குதிக்க ஆரம்பிக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி தயங்கி, பிறகு வெடுக்கென்று இழுக்கிறது. செகண்ட் கியரில் ஏறும்போது 'டப் டப்' என்று விட்டு விட்டு அடிக்கிறது. ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை நின்றும் போகிறது.

ஜமுனாமரத்தூர் டீக்கடை வாசலில் பானெட்டைத் திறந்ததும் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. "மேல காத்து கம்மி சார், அதான்." "கார்புரேட்டர்ல குப்பை. கழட்டி ஊதிட்டா சரியாயிடும்." "பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்கல்ல, பழைய வண்டிக்கு ஒத்துக்காது."

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே உண்மையான காரணமாக இல்லாமல் போகவும் நிறைய வாய்ப்பு உண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மத்தியில் உலகம் முழுக்க ஒரு பேச்சு உண்டு: கார்புரேட்டர் கோளாறு என்று கொண்டுவரும் வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டரில்தான் இருக்கும். யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை. ஆனாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சு.

'காத்து கம்மி' வாதம் எவ்வளவு சரி?

முதலில் மலையைப் பார்த்துவிடலாம். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட சுமார் 7 சதவீதம் குறைவு.

கார்புரேட்டருக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. காற்று வேகமாக உறிஞ்சப்படும்போது ஜெட்டின் சின்னத் துளை வழியாகப் பெட்ரோலும் கூடவே இழுபடும், அவ்வளவுதான் அதன் வேலை. காற்று மெலிந்தால் பெட்ரோல் விகிதம் தானாகக் கூடும். ஆனால் அடர்த்தி 7 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் 7 சதவீதம் கூடாது. கணக்குப்படி அதில் பாதிதான், மூன்றரை சதவீதம். நல்ல நிலையில் உள்ள ஒரு இன்ஜின் இதை உணரக்கூட உணராது. இழுவை கொஞ்சம் குறையும். குதிக்காது.

ஊட்டி வேறு கதை. அது 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 20 சதவீதம் குறைகிறது, கலவை 12 சதவீதம் போல கெட்டியாகிறது. அங்கே கறுப்புப் புகையும் தடுமாறும் ஐடிலிங்கும் வந்தால் உயரத்தைக் குறை சொல்லலாம். ஜவ்வாது மலையில் அந்தச் சாக்கு செல்லாது.

அப்படியென்றால் சமவெளியில் தெரியாத கோளாறு மலையில் ஏன் தெரிகிறது? மலை இன்ஜினிடம் முழு வேலை வாங்குகிறது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கலவை அதிகமாக நுழைகிறது, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட பிளக் முனையில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் தேவை. சமவெளியில் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்த தேய்ந்த பிளக்கும், விரிசல் விட்ட கேப்பும், பலவீனமான காயிலும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. ஆக, மலை புதிதாக எதையும் கெடுப்பதில்லை. ஏற்கெனவே இருந்த கோளாறைக் காட்டிக்கொடுக்கிறது.

நின்ற அந்த நிமிடமே முக்கியம்

அம்பாசிடரின் அடிப்படை, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதத்தில்தான் நின்றது. அதன் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினாக இருக்கட்டும், பிரீமியர் பத்மினியின் 1,089 சிசி இன்ஜினாக இருக்கட்டும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருக்கட்டும், எல்லாவற்றுக்கும் தேவை ஒன்றுதான்: சரியான அளவு கலவை, சரியான நேரத்தில் பொறி, போதுமான கம்ப்ரஷன்.

வண்டி நின்றுபோனதும் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வது. ஸ்டார்ட் ஆகிவிடும். 'சரியாயிடுச்சு' என்று கிளம்புவார்கள். அடுத்த வளைவில் மறுபடி நிற்கும். கோளாறு கண்முன்னே இருந்த அந்தப் பத்து நிமிடமும் வீண்.

இன்ஜின் நின்றதும் வண்டியைப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, உடனே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பெட்ரோல் இருக்கிறதா? ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆஃபில் இருக்கும்போதே கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லிவரைக் கையால் இழுங்கள். பம்ப் உள்ள சோலெக்ஸ் வகை கார்புரேட்டர்களில் மெல்லிய பெட்ரோல் தாரை உள்ளே பீய்ச்சும். பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. வறண்டு கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. (பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர் நிச்சயம் பிடித்துக்கொண்டிருப்பார்.)

இரண்டு, பொறி இருக்கிறதா? கார்புரேட்டரை மூடி, பெட்ரோல் வாசனை அடங்கியபின், ஒரு பிளக்கைக் கழற்றி அதன் ஒயரில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு இன்ஜினைத் தொடும்படி வையுங்கள். பிளக் கழற்றிய துளையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். கையால் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. வேறொருவரை செல்ஃப் போடச் சொன்னால், நீலமாக 'டிக் டிக்' என்று அடிக்க வேண்டும். மஞ்சளாக, மெலிதாக, விட்டு விட்டு வந்தால் அது பலவீனமான பொறி. மலையேற்றத்துக்கு அது போதாது.

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால், டீக்கடைத் தீர்ப்புகளில் பாதி கழிந்துவிடும்.

ஒரே மாதிரி நடிக்கும் இரண்டு கோளாறுகள்

சூடானால் நிற்கும், ஆறினால் கிளம்பும். இந்த ஒரே அறிகுறியைக் காட்டும் இரண்டு கோளாறுகள் உண்டு. பழைய கார்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

முதலாவது, வேப்பர் லாக். இந்தக் கார்களில் பெட்ரோல் டேங்க் பின்னால், பம்ப் முன்னால், அதுவும் கொதிக்கிற இன்ஜினின் பக்கவாட்டில். (பழைய மெக்கானிக்குகள் இதை 'ஏ.சி. பம்ப்' என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது தயாரித்த கம்பெனியின் பெயர்.) பெட்ரோலின் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். மெதுவாக ஏறும் வண்டிக்குள் காற்றோட்டம் குறைவு, பம்ப் உறிஞ்சும் பக்கம் அழுத்தமும் குறைவு. குழாய்க்குள் ஆவிக் குமிழ் உட்கார்ந்துகொண்டால் பம்ப் வெறும் ஆவியை அடித்துக்கொண்டிருக்கும், பெட்ரோல் நகராது. பம்ப் மீதும் குழாய் மீதும் ஈரத்துணி சுற்றி வைப்பது தாத்தா காலத்து வைத்தியம். இன்றும் வேலை செய்கிறது.

இரண்டாவது, கண்டன்சர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விரல் நுனி அளவுக்கு இருக்கும் ஒரு சின்ன டப்பா. பாயின்ட் திறக்கும் நொடியில் கரன்ட் அங்கேயே பொறியாகத் தாவி வீணாகாமல் தடுப்பது அதன் வேலை. அப்படித் தடுத்தால்தான் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, பல ஆயிரம் வோல்ட் பிளக்குக்குப் போகும். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது பாயின்ட் வினாடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் கண்டன்சர் ஒத்துழைக்க வேண்டும். உள்ளே இன்சுலேஷன் கெட்டுப்போன கண்டன்சர், குளிர்ச்சியில் ஒழுங்காக இருக்கும், சூடேறியதும் கைவிரிக்கும். காயிலும் இதே போல சூட்டில் மக்கர் பண்ணும்.

எப்படிப் பிரித்தறிவது? மேலே சொன்ன இரண்டு சோதனைகள்தான். நின்ற உடனே பார்க்கும்போது கிண்ணம் வறண்டு, பொறி பலமாக இருந்தால் பெட்ரோல் பக்கம் தேட வேண்டும்; மலையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேப்பர் லாக். பெட்ரோல் பீய்ச்சி, பொறி மெலிந்திருந்தால் கண்டன்சர் அல்லது காயில். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றிவிட்டு செல்ஃப் போடும்போது பாயின்ட் முனையில் பளிச்சென்று பெரிய பொறி பறந்தால், கண்டன்சர் மீதான சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. பத்து நிமிடம் ஆறவிட்டால் இந்த வித்தியாசம் எல்லாமே மறைந்துவிடும்.

நிற்கவில்லை, குதிக்க மட்டும் செய்கிறது என்றால்?

அப்போது கேட்க வேண்டியது: ஒரே தாளத்தில் குதிக்கிறதா, கண்டபடி குதிக்கிறதா?

ஒரே தாளத்தில் என்றால் பெரும்பாலும் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை. எது என்று பார்ப்பது சுலபம். இன்ஜினை அணைத்து, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதன் முனையை இன்ஜின் இரும்போடு இணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் நல்லது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் குற்றவாளி. பிறகு அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால், பிளக் விலையோடு வேலை முடிந்தது. மாறவில்லையென்றால் ஒயரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட் என்று செலவு வைக்கும் விஷயங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் பார்க்கும் மெக்கானிக்கிடம் போய்விடுவது நல்லது. (இந்த ஒயர் கழற்றும் வேலையை இன்றைய கார்களில் செய்யாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் போய்விடும்.)

ஒயர்களைக் கழற்றி மாட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அம்பாசிடரில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2. இரண்டு ஒயரை மாற்றி மாட்டிவிட்டால், இல்லாத கோளாறை நீங்களே உருவாக்கியிருப்பீர்கள்.

கழற்றிய பிளக்குகளைத் தூக்கிப் போடாமல் வரிசையாக வைத்துப் பாருங்கள். காபிப்பொடி நிறம் என்றால் எல்லாம் நலம். கறுப்புக் கரி படிந்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது சோக் முழுதாகத் திறக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் ஏறுகிறது. வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது.

கண்டபடி குதித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போக வேண்டும். இந்தியக் கார்கள் பலவற்றில் இது சென்னை பாடியில் 1961-ல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் தயாரிப்பு. பாயின்ட் முனைகள் குழி விழுந்திருக்கின்றனவா, இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபீலர் கேஜ் இல்லாதபோது விசிட்டிங் கார்டை நுழைத்து அளவு வைப்பது பழைய டிரைவர்கள் வித்தை. வீடு போய்ச் சேரும் வரைக்கும் அது போதும்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் போகும் குட்டி ஒயர். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் வேக்குவம் அட்வான்ஸ் உள்ளே இருக்கும் தட்டைத் திருப்புகிறது. அந்த ஒயரும் கூடவே வளைந்து நிமிர்கிறது. பல ஆண்டு வளைந்ததில் உள்ளே இருக்கும் கம்பி இழைகள் அறுந்துபோய், மேலே உறை மட்டும் அழகாக இருக்கும். ஐடிலிங்கில் பிரச்சினை தெரியாது. வளைவுக்கு வளைவு மிதித்து விடும் மலைப்பாதையில் மட்டும் இன்ஜின் திக்கும். கார்புரேட்டரை ஆறு முறை சர்வீஸ் செய்தாலும் தீராத 'கார்புரேட்டர் கோளாறு' இதுதான்.

பனிக்காலக் காலைகளில் கேப்பின் விரிசலில் ஈரம் புகுந்தாலும் கரன்ட் வழி தவறும். இதைப் பிடிக்க இருட்டு வேண்டும். இரவில் பானெட்டைத் திறந்து, கை, துணி எதுவும் ஃபேன் பக்கம் போகாமல், ஓடும் இன்ஜினைப் பாருங்கள். கேப் மீதும் ஒயர் மீதும் நீலப் பொறி ஊர்ந்தால் அங்கேதான் கசிவு. நட்சத்திரம் பார்க்க வானாய்வகம் வைத்த மலை. ஒரு சின்னப் பொறியைப் பார்க்கவும் இதைவிட நல்ல இருட்டு கிடைக்காது.

எத்தனால் மீது பழி போடலாமா?

ஓரளவுக்குப் போடலாம். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுக்க வழக்கமான பெட்ரோலாகவே மாறிவிட்டது. எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால், அது எரிய வெளிக்காற்று குறைவாகப் போதும். சுத்தமான பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்றால், இ20-க்கு சுமார் 13.5 பங்கு. புதுக் கார்களின் கம்ப்யூட்டர் இதைப் புரிந்துகொண்டு கூடுதல் பெட்ரோலைத் தெளித்துவிடும். 1970-ல் துளையிட்ட ஜெட்டுக்கு அது தெரியாது. விளைவு, கலவை மெலிகிறது: காலையில் ஸ்டார்ட் ஆக அடம், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு தயக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனால் கலவையை மெலியவைக்கிறது, மலை கெட்டியாக்குகிறது. இ20 நிரப்பிய அம்பாசிடருக்கு ஜவ்வாது மலையின் உயரம் உண்மையில் கொஞ்சம் உதவியே செய்கிறது! 'மலைக்காக' ஜெட்டைச் சின்னதாக்கிக் கொடுப்பவரிடம் வண்டியை விடாமல் இருக்க இந்த ஒரு காரணம் போதும்.

எத்தனாலின் பெரிய தொல்லை வேறு இடத்தில். பழைய ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம், கேஸ்கெட் ஆகியவற்றை அது ஊறவைத்து இளக்கும். டேங்கில் பல காலம் படிந்த பிசினைக் கரைத்து ஃபில்டருக்கும் ஜெட்டுக்கும் அனுப்பும். ஈரத்தை இழுக்கும், மழைக்காலம் முழுக்கப் பாதி டேங்கோடு ஷெட்டில் நின்ற வண்டியில், சேர்ந்த தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். பெட்ரோலைத் துளி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டேங்கைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை.

இ10-க்கு அளவு வைத்த நான்கு சக்கர வாகனங்களில் இ20-ஆல் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்பதை மத்திய பெட்ரோலிய அமைச்சகமும் ஒப்புக்கொள்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்பனைக்கு வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே எத்தனால் தாங்கும் குழாயும் டயாஃப்ரமும் வாங்கி மாட்டுவதுதான் இப்போதைக்கு நடைமுறை.

'இவ்வளவு கஷ்டம் எதுக்கு? மாருதி இன்ஜினைத் தூக்கி வச்சிடலாமே' என்று கேட்பவர்களும் உண்டு. 50 ஆண்டு தாண்டிய கார்களுக்காக மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, 'விஏ' வரிசை எண்ணோடு விண்டேஜ் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இன்ஜினை மாற்றிய அன்றே அந்தத் தகுதி போய்விடும். ஒரு கண்டன்சரின் விலையோடு ஒப்பிட்டால் ரொம்பப் பெரிய விலை அது.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், பாயின்ட், ஏர் ஸ்க்ரூ, டைமிங் நான்கையும் ஒரே மூச்சில் கை வைத்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானாலும் பழைய இடத்துக்குத் திரும்ப வழி தெரியாது. ஸ்க்ரூவைத் திருப்பும் முன் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் ஒரு படம் எடுங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போதும் கோளாறு தொடர்ந்தால், பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிட வேண்டாம். ஏறிய அதே கியரில் இறங்குங்கள். ஐடிலிங் தடுமாறும் இன்ஜின் நியூட்ரலில் அணைந்துபோனால், வண்டியைப் பிடிக்க மிஞ்சுவது பழைய டிரம் பிரேக் மட்டுமே. வளைவுக்கு வளைவு மிதித்து அதுவும் சூடேறிவிட்டால், பிடிமானம் குறைந்துகொண்டே போகும். கியரில் இருந்தால், இன்ஜின் குதித்தாலும் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அடிவாரத்து முதல் ஊரில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, சூடு ஆறுவதற்குள் அந்த இரண்டு சோதனைகளையும் இன்னொரு முறை செய்து பாருங்கள்.